ஓர் அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள்: எது நன்று, எது குறை, யார் காசு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளில் ஒன்று, அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் நான் எழுதும் குறைகள் எல்லாம் அங்கே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டர்கள் தலையில் போய் விழும், அது நியாயமில்லை. அந்தக் குறைகளின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதியதால்தான் இது இவ்வளவு நீண்டுவிட்டது.

அப்பாவுக்கு 67 வயது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். சுகர் வந்து 15 வருடம் ஆகிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிற வேலை, எப்போதோ இடது காலில் குச்சி குத்தியிருக்கிறது, கால் மரத்துப்போனவர் என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா பார்த்தபோது சுண்டுவிரல் கறுத்து, பாதம் வீங்கி, நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. அன்று இரவே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாளில் 38,000 ரூபாய் ஆனது. மூன்றாம் நாள் காலையில், மூன்று விரல்களை எடுக்க வேண்டும், பாதத்தின் முன்பகுதியும் போகலாம், மொத்தம் 1,60,000 வரும், முதலில் 80,000 கட்டுங்கள் என்றார்கள். அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றப் போய்விட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "மக்கா, தர்ம ஆசுபத்திரிக்குப் போவோம், கால் போனாலும் வீடு போவாதுல்லா" என்றார். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அரசு மருத்துவமனைக்கு வருகிறேன். சீட்டுப் போட்டு, அவசரப் பிரிவில் காட்டி, வார்டில் படுக்கை கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அது அதிகம் என்று சொல்லமாட்டேன். அறுவை சிகிச்சை மருத்துவர் வயதில் என்னைவிடச் சின்னவராக இருப்பார். காலைத் தூக்கித் திருப்பி நன்றாகப் பார்த்துவிட்டு, "இப்ப எதையும் வெட்ட வேண்டாம், சுகரைக் குறைப்போம், செத்த சதையை மட்டும் எடுத்துட்டு நாலு நாள் பாப்போம்" என்றார். சொன்னபடியே செய்தார். ஐந்தாம் நாள் சுண்டுவிரலை மட்டும் எடுத்தார், மற்ற நான்கு விரலும் பாதமும் தப்பின. தினமும் காலையில் கட்டு மாற்றினார்கள். அந்தக் கட்டுப் போட வருகிற சிஸ்டர் அப்பாவை "பாட்டா" என்றுதான் கூப்பிடுவார், "பாட்டா, பல்லைக் கடிச்சுக்கிடுங்க, இப்ப முடிஞ்சிரும்" என்று பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். ஒரு நாள் அம்மாவை உட்காரவைத்து, தினமும் ராத்திரி படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்கக்கூடாது, வெந்நீரில் காலை முக்கக்கூடாது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார். 38,000 கட்டிய இடத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மருந்து முழுக்க உள்ளேயே கிடைத்தது, இன்சுலின் உட்பட. மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று போட்டிருக்கும். இதற்குப் பின்னால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994ல் தொடங்கியது, மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது, வேறு பல மாநிலங்கள் வந்து பார்த்து இதே மாதிரி தொடங்கின. மருத்துவம், கவனிப்பு, மருந்து இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் 5க்கு 5 கொடுப்பேன்.

இனி குறை. இரவு வேலையில் அந்த வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நாள் ராத்திரி 41 நோயாளிகள், இரண்டு பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அந்த ஒரு பெண் ஊசி போட வேண்டும், ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், புதிதாக வருகிறவர்களைப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு அவர் நின்றுகொண்டே ஒரு வாய் சாயா குடித்ததைப் பார்த்தேன், அதுவும் பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள். கழிப்பறை இரண்டு இருந்தது, ஒன்றில் தண்ணீர் வராததால் பூட்டிவிட்டார்கள். காலில் கட்டோடு இருக்கிற மனிதரை ஈரத் தரையில் கூட்டிக்கொண்டு போவது எவ்வளவு பயமான காரியம் என்பது கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும். லிஃப்ட் நாங்கள் இருந்த ஒன்பது நாளில் நான்கு நாள் ஓடவில்லை. கால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அங்கே இல்லை, வெளியே 2,400 கொடுத்து எடுத்தோம். சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒருவர் 100 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் மிகக் குறைவு என்பது தெரியும், ஆனாலும் கேட்டது தவறுதான், என்னிடம் இருந்தது, இல்லாதவர் என்ன செய்வார்?

ஒன்பது நாளும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். இங்கே குறைவது எல்லாம் காசு கொடுத்தால் வருகிற பொருள். ஆள், தண்ணீர்க் குழாய், லிஃப்ட், ஸ்கேன் கருவி, ஒழுங்கான சம்பளம். பத்து நிமிடம் ஒதுக்கி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்த மனசு ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் அந்தக் காசு எங்கே போனது?

நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் ஆடிட்டருக்குக் கணக்கு கொண்டுபோவதும் என் வேலை. அதனால் இது எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம். எங்கள் கடை அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற பார்ட்னர்ஷிப். பங்குதாரர்களின் சம்பளம், வட்டி எல்லாம் சட்டப்படி கழித்தபிறகு மிஞ்சுகிற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதற்குமேல் வரியின்மேல் வரியாகச் செஸ். நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு? 2019 செப்டம்பர் 20 அன்று ஒன்றிய அரசு அதை 22 சதவீதமாகக் குறைத்தது, மற்ற சலுகைகளை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2024 மார்ச்சுக்குள் உற்பத்தியைத் தொடங்கிய புது உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் ஒரு வருடத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அன்றைக்கு அரசே சொன்னது. அந்த வருடம் ஒன்றிய அரசு சுகாதாரத் துறைக்கு ஒதுக்கியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அது. அதாவது மார்த்தாண்டத்தில் பெயிண்டும் ஆணியும் விற்கிற கடை 30 கட்டுகிறது, பல்லாயிரம் கோடி லாபம் பார்க்கிற கம்பெனி 22 கட்டுகிறது. எங்கள் முதலாளியிடம் இதைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பலன் கணக்கிலேயே தெரிகிறது. 2018-19ல் கம்பெனிகள் கட்டிய வரி 6.63 லட்சம் கோடி, தனிமனிதர்கள் கட்டிய வருமான வரி 5 லட்சம் கோடிக்கும் கீழே. 2023-24ல் கம்பெனிகள் 9.11 லட்சம் கோடி, தனிமனிதர்கள் 10.44 லட்சம் கோடி. தனிமனிதர்கள் கம்பெனிகளைத் தாண்டிவிட்டார்கள். இதில் ஜிஎஸ்டி சேரவில்லை. அப்பா வாங்குகிற சோப்புக்கும் செருப்புக்கும் அவர் கட்டுகிற வரியும், கோடீஸ்வரர் அதே பொருளுக்குக் கட்டுகிற வரியும் ஒன்றுதான். ஆகவே "இலவச ஆசுபத்திரி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பது வருடம் வெட்டிய பாலிலும் வாங்கிய சாமானிலும் அப்பா இதற்குக் காசு கட்டியிருக்கிறார்.

சொத்து வரி என்று ஒன்று இருந்தது, வீட்டுக்குப் பஞ்சாயத்தில் கட்டுகிறோமே அது வேறு, இது பெரும் செல்வத்துக்கான வரி. 1957ல் வந்தது, 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் குறைவு என்பது உண்மை, ஆனால் ஏன் குறைந்தது? 1990களின் தொடக்கத்திலேயே பங்குகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரும் பணக்காரர்களின் செல்வம் பெரும்பாலும் பங்குகளில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு நகை, கார், காலி மனை மாதிரியானவற்றுக்கு மட்டும் வரி போட்டால் என்ன வரும்? ஒருவர் இறந்தபின் வாரிசுகளுக்குப் போகும் பெருஞ்செல்வத்துக்கு 1953 முதல் ஒரு வரி இருந்தது, அது 1985ல் போனது. 2023ல் மிக உயர்ந்த வருமானத்துக்கு வரியின்மேல் போடுகிற கூடுதல் வரியையும் (சர்சார்ஜ்) புதிய வருமான வரி முறையில் 37லிருந்து 25 சதவீதமாக இறக்கினார்கள்.

இதில் நம் மாநிலத்துக்கு இன்னொரு இடி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வருமான வரியும் கம்பெனி வரியும் டெல்லிக்குப் போய்ப் பங்கு பிரிந்து வர வேண்டும், ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. 2015ல் சொத்து வரியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கோடீஸ்வரர்களுக்குப் போட்டது சர்சார்ஜ்தான். மருத்துவமனை நடத்துவது மாநிலம். அதனால் பணக்காரர்களுக்கு வரி போட்டால் மட்டும் போதாது, பங்கு பிரிகிற கணக்கில் அதைப் போட வேண்டும், அப்போதுதான் அந்த வார்டுக்கு இரண்டாவது சிஸ்டர் வருவார்.

வரி போட்டால் ஓடிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓடுகிற இடத்தையும் அடைக்கலாம் என்று உலகம் பேச ஆரம்பித்துவிட்டது. பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் குறைந்தது 15 சதவீதம் என்று 2021ல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024ல் பிரேசில் தலைமையில் நடந்த ஜி20ல், உலகின் சுமார் 3,000 பில்லியனர்களிடம் ஆண்டுக்குச் செல்வத்தில் 2 சதவீதம் குறைந்தபட்ச வரி வாங்கினால் 20,000 முதல் 25,000 கோடி டாலர் வரும் என்று பொருளியலாளர் கேப்ரியல் சுக்மன் கணக்குக் கொடுத்தார். நூறில் இரண்டு, அதுவும் உலகத்தில் மூவாயிரம் பேரிடம்.

இன்னொரு கேள்வி, அரசு கையில் கொடுத்தால் வீணாகாதா என்பது. எனக்கும் அந்தப் பயம் உண்டு, 100 ரூபாய் கொடுத்தவன் நான். ஆனால் அதே அரசுதான் மருந்து வாங்கும் முறையைச் சரிசெய்து காட்டியிருக்கிறது. கண்காணிப்பு வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், அதற்காகக் காசே வேண்டாம் என்றால் அந்த 41 பேரை யார் பார்ப்பது? அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ன் தேசியச் சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22ல் அது 1.84 சதவீதம்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் குடும்பங்கள் கையிலிருந்து போனது. எங்கள் 38,000 அந்த மாதிரிப் போன காசு.

எங்கள் குடும்பம் பனையேறிக் குடும்பம். திருவிதாங்கூர் காலத்தில் பனையேறுகிறவரின் ஏணிக்கும் காலில் மாட்டுகிற தளைக்கும் வரி, அவர் தலைக்கும் வரி. கோயில் நிலங்களும் மேட்டுக்குடியினரின் நிலங்களில் பலவும் வரி இல்லாமலோ பேருக்கு வரியோடோ கிடந்தன. அதை எதிர்த்துப் பேசிய அய்யா வைகுண்டரைச் சிறையில் போட்டார்கள். அவருடைய பதி இருக்கிற சாமிதோப்புக்கு அம்மாவோடு போகும்போதெல்லாம் கேட்டு வளர்ந்த கதை இது, ஆனால் இல்லாதவனிடம் வாங்கி இருக்கிறவனுக்கு விடுவது என்றால் என்ன என்பது அந்த வராந்தாவில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சேர்க்கப் போகிறவர்களுக்கு: ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி, கப், இரண்டு போர்வை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கொசுவர்த்தி வேண்டும். கழிப்பறைக்கு 5க்கு 1தான் கொடுப்பேன், காலை ஐந்து மணிக்கு முன்னால் போனால் தண்ணீர் இருக்கும். புறநோயாளி சீட்டுக்கு ஏழரைக்கே போய் நில்லுங்கள். சிஸ்டரிடம் குரலை உயர்த்தாதீர்கள். குறையைத் தாளில் எழுதி மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள், ஒரு நகலை உங்கள் எம்எல்ஏவுக்கும் இன்னொன்றை எம்பிக்கும் அனுப்புங்கள், எம்பிக்கு அனுப்புவதில் இந்த வரி விஷயத்தையும் சேர்த்து எழுதுங்கள், நான் எழுதியிருக்கிறேன்.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றுகிறோம், புண் ஆறி வருகிறது. அம்மா ராத்திரி தவறாமல் கண்ணாடியைத் தரையில் வைத்து அவர் உள்ளங்காலைப் பார்க்கிறார்.