தாடி ஓணானுக்கு ஒரு நாலடி வீடு: தலவாக்கலையில் எட்டு மாதம் பாவித்த பிறகு

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னானாம்." எங்கள் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவையாவது இதை என் காதில் விழும்படி சொல்கிறார். காரணம், குவாட்டர்ஸ் முன்னறையில் நாலடி நீளப் பெட்டிக்குள் கண்ணை மூடி வெளிச்சம் காயும் பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணான். மச்சான் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, வாங்கிய பத்திரங்களோடு என் மகளிடம் விட்டுப் போனது. தாடி இருப்பதால் மகள் அதற்குத் 'தாத்தா' என்று பெயர் வைத்தாள். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட.

அதோடு வந்த இரண்டடி மீன்தொட்டி அதற்குத் திரும்பவே இடம் தரவில்லை. அதனால் கொழும்பில் ஒருவரிடம் ஃபேஸ்புக் வழியாக 'பாலைவன செட்' ஒன்றை எடுத்தேன். பெட்டி, பல்புகள், மணல், பிளாஸ்டிக் செடி, ஒட்டுகிற மீட்டர், எல்லாம் சேர்த்து 98,000 ரூபாய். மலையில் இருப்பவர் யாராவது இதே செட்டை வாங்க நினைத்தால், அதில் எது காசுக்குப் பெறுமதி, எது தண்டம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

பெட்டி நல்ல பெட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வளர்ந்த பிராணிக்கு இதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. முன்பக்கம் வழுக்கித் திறக்கும் கண்ணாடி. மேலிருந்து கையை விட்டால் பருந்து வருகிறது என்று மிரளும், முன்னால் திறந்தால் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையில் ஏறும். பலகை மெலமைன். ஆனால் வெட்டிய ஓரங்களை மூடாமல் அனுப்பியிருந்தார்கள். ஜூன் மாதம் பனிமூட்டம் இறங்கியதும் அந்த ஓரங்கள் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டன. டவுனில் இருக்கிற தச்சு பாஸைக் கூப்பிட்டு ஓரங்களுக்குப் பட்டி ஒட்டி, உள் மூலைகளுக்கு மீன்தொட்டி சிலிக்கன் போட்டேன். பிறகு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய தவறு காற்றோட்டத்தில் இருந்தது. நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கர், இருபது வருடமாகக் காற்றோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டுகிறவன். இந்த ஓணானின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமி. அதற்குக் காற்றில் ஈரப்பதம் 30, 40 சதவீதம் இருந்தால் போதும். இங்கே தென்மேல் பருவ மழையில் எங்கள் முன்னறையில் உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி) 18, ஈரக் குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) 17 காட்டும். அதாவது 90 சதவீதம். ஈரம் தொடர்ந்து இப்படியே இருந்தால் இதற்கு நெஞ்சுச் சளி பிடிக்கும்.

"அண்ணா, ஒரு பிரச்சினையும் இல்லை, ஈரம் உறிஞ்சும் பை போடுங்க" என்றார் விற்றவர். பை தேவையே இல்லை. மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும் தொட்டிக்கு வெறும் காற்றை ஊதினால் இலை வாடாது, அதனால் சூடான காற்றைக் கலப்போம். காற்றில் உள்ள தண்ணீர் அதே அளவுதான், சூடானதும் அதற்குத் தாகம் எடுத்துவிடும். அந்த 18 டிகிரிக் காற்றை 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 90 சதவீதம் தானாக 40 பக்கம் இறங்கும். ஆனால் சூடான காற்று வெளியே போக வழி வேண்டுமே! செட்டில் வந்த பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள், இரண்டும் ஒரே உயரத்தில். காற்று உள்ளேயே நின்று கண்ணாடியில் வியர்த்தது. சூட்டு பல்பு இல்லாத குளிர்ந்த பக்கத்தில் அடியில் ஒரு நீள வெட்டு, பல்பு உள்ள சூடான பக்கத்தில் மேலே ஒரு நீள வெட்டு, இரண்டுக்கும் வலை. பாஸுக்கு அரை நாள் கூலி. மறுநாளே கண்ணாடி காய்ந்தது. இப்போது மழையிலும் சூடான பக்கம் 40ஐ ஒட்டியும் குளிர்ந்த பக்கம் 60 அளவிலும் நிற்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கம் வையுங்கள், சூட்டுக்குக் கீழே வைத்தால் உழைத்ததெல்லாம் வீண்.

செட்டோடு வந்த ஒட்டு மீட்டர் மழையானாலும் வெயிலானாலும் 50 காட்டியது. மகள் அதை விளையாட எடுத்துக்கொண்டாள். முனையில் கம்பி உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி இரண்டு பக்கமும் வைத்தேன். உட்காரும் இடத்தின் சூட்டைப் பார்க்க, ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் ட்ரையருக்குப் பாவிக்கிற, சூடு அளக்கும் லேசர் துப்பாக்கியை ஒரு நாள் இரவல் கேட்டேன். அந்த இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை வேண்டும், எதிர்ப்பக்கம் 24 முதல் 27. செட்டோடு வந்த பல்பில் எனக்குக் கிடைத்தது 31. அந்தச் சூட்டில் சாப்பிட்டது செரிக்காது. பக்கத்துக் கடையில் வாங்கிய சாதாரண 100 வாட் ஹாலஜன் ஃபிளட் பல்பு அந்த வேலையைச் செய்தது.

யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், தருகிற விளக்கில்தான் அதிகம் ஏமாந்தேன். செட்டில் வந்தது சுருள் பல்பு. அதன் வெளிச்சம் ஒரு தட்டு அளவு இடத்தைத் தாண்டாது. யூவிபி இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லாவிட்டால் கல்சியம் எலும்பில் சேராது, தாடையும் காலும் ரப்பர் மாதிரி வளையும். யூவிபி 12 சதவீதம் என்று குறித்த, 'டீ5' என்கிற மெல்லிய குழல் விளக்கை வாங்கிப் பெட்டியின் உள்கூரையில், சூடான பக்கத்தில் மாட்டினேன். இடையில் வலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது விளக்கின் அட்டையில் இருக்கும், அதைப் பாருங்கள். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்பார் நம் சொந்தக்காரர் யாராவது. ஜன்னல் கண்ணாடி யூவிபியை மறித்துவிடும். குழல் வெளிச்சமாகவே இருந்தாலும் உள்ளே கதிர் குறைந்துகொண்டே போகும், வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாட்டிய தேதியைப் பெட்டியின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

இரவுக்குச் சிவப்பு பல்பு கொடுத்திருந்தார்கள். இதற்கு நிறம் தெரியும், சிவப்பு வெளிச்சத்தில் தூக்கம் கெடும். ஜனவரி இரவுகளில் எங்கள் வீட்டுக்குள்ளேயே 13 டிகிரிக்கு இறங்கும், இங்கே இரவுச் சூடு ஆடம்பரம் இல்லை. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றும் அதற்குச் சூட்டைப் பார்த்துத் தானாக அணைத்துப் போடும் ஒரு தெர்மோஸ்டாட்டும் போட்டு 18க்கு வைத்தேன்.

அலங்காரத்தில்தான் எனக்குச் சந்தோஷம். பிளாஸ்டிக் கள்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிடுங்கிய பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன். பல தலைமுறை கவாத்து வெட்டிய கட்டை, நூறு முடிச்சு. பிரஷால் தேய்த்துக் கழுவி இரண்டு வாரம் காயப்போட்டேன். தாத்தா அதன் உச்சியில் ஏறிக் காலைப் பரப்பிப் படுத்தால் கங்காணி மாதிரி இருக்கும். கொய்யாக் கிளை ஒன்றும் சூட்டைப் பிடித்துவைக்கும் தட்டைக் கருங்கல்லும் கூட உண்டு.

மண்ணுக்கு இன்னும் மினக்கெட்டேன். செட்டில் வந்தது வெள்ளை 'கல்சியம் மணல்'. விழுங்கினால் குடலை அடைக்கலாம் என்று அதை மகளின் பூச்சட்டிக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுப் பின்பக்கத் தோட்டத்து மண் ஆறு பங்கு, கழுவிய ஆற்று மணல் நாலு பங்கு, கொஞ்சம் களிமண். தேயிலை மலை மண்ணை மட்டும் எடுக்காதீர்கள், களைக்கொல்லி அடித்த நிலம். மழையில் மண் எங்கே காயும்? ஸ்டோரில் விறகு காயப்போடும் மூலையில் நாலு நாள் பரப்பினேன், அடுப்புக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். அரை அடி ஆழம் போட்டு, நனைத்து அமுக்கிக் காயவிட்டதும் கெட்டியானது. இரண்டாம் வாரமே கட்டைக்கு அடியில் தாத்தா தனக்கு ஒரு குகை தோண்டிவிட்டது.

கரண்ட் பில்: பகல் விளக்குகளுக்கு மட்டும் மாதம் 45 யூனிட் பக்கம். முன்பு 60க்குள் நின்ற வீடு 90ஐத் தாண்டிவிட்டது, விலைப் படியும் அதோடு ஏறுகிறது. மனைவிக்கு இன்னும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் போன நாட்கள் ஞாபகம் இருப்பதால் பெட்டியைப் போர்த்த ஒரு தடித்த கம்பளியும் தனியாக வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே வார்த்தை: ஆனைக்கொய்யாவும் (அவகாடோ) மின்மினியும் இதற்கு விஷம். இரண்டும் எங்கள் தோட்டத்திலேயே உண்டு, பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

அப்புறம், பெட்டியைப் பார்க்க வந்த ஒருவர், ஹோட்டன் சமவெளிப் பக்கம் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் இருக்கிறதே, அதைப் பிடித்து வளர்க்கலாமே என்றார். அது குளிருக்கும் பாசிக்கும் பிறந்தது, இந்த விளக்குக்குக் கீழே வாடிச் செத்துவிடும். சட்டப்படியும் பிடிக்கக் கூடாது.

ஆக, நாலடிப் பெட்டிக்கு மட்டும் என் சிபாரிசு உண்டு. மற்றதெல்லாம் நீங்களே வெளியில் வாங்குங்கள். ஒன்று விட்டுப்போயிற்று. செட்டில் முதலில் ஒரு வெள்ளை ஹீட்டர் பல்பும் இருந்தது. போட்ட நிமிடமே பட்டென்று வெடித்தது. எடுத்துப் பார்த்தால் 110 வோல்ட், நம் வீட்டில் ஓடுவது 230. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "சரி அண்ணா, மாத்தி அனுப்புறேன்" என்றார். மூன்று வாரம் கழித்து பஸ் பார்சலில் புதிய பல்பு வந்தது. அதிலும் 110 என்றே அச்சடித்திருந்தது. அலுமாரி மேல் இருக்கிறது.