குற்றாலத்தில் ஒரு கொக்கி

பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியில் நிற்கும்போதே ஜன்னல் கம்பியில் சாரல். சிங்கப்பூரிலிருந்து ஆறு வருடம் கழித்து வந்தவனை, பெட்டியை வைத்த கையோடு குளித்துவிட்டு வரச் சொல்லி அம்மா துரத்திவிட்டாள். ஆனி மாதம் எங்கள் ஊரில் குளிப்பது என்றால் குற்றாலம்தான்.

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சுக்குள் அடங்கி விழுந்தது; அதைத் தாண்டிக் கொட்டினால் குளிக்க விடமாட்டார்கள். மேலிருந்து வரும் வெள்ளம் பாதியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, நிரம்பி, வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. கழுத்து தப்புவது அந்தக் குழியால். போலீஸ்காரர் விசிலடித்து ஆட்களை நகர்த்திக்கொண்டே இருந்ததால் எனக்கும் ஐந்து நிமிடம் கிடைத்தது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு நீதிமன்றம் போட்ட தடை நல்ல காரியம், பாறை வழுக்கவில்லை.

காசு கொடுத்துப் போன உடைமாற்றும் அறையில்தான் எரிச்சல். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி மாட்டக் கொக்கி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். உலர்ந்த வேட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு மாற்றினேன். திருநெல்வேலிக் கலெக்டர்கள் சீசனுக்கு வந்து தங்கிய ஊர் இது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்து வளர்த்துப் பார்த்த மண். ஒரு கொக்கிக்கா பஞ்சம்?

கடைத்தெருவில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான். சிங்கப்பூர்க்காரனிடமே துரியானின் பெருமையைச் சொல்லி விற்கப் பார்த்தார் கடைக்காரர். மங்குஸ்தான் மட்டும் வாங்கினேன். பையிலிருந்து இரண்டைக் குரங்கு எடுத்துக்கொண்டது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்தப் பாட்டில் வரும் குரங்குகளுக்கும் ஏதோ பட்டா இருக்கும் போலிருக்கிறது.

சங்கு வடிவக் கோயிலில் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திரசபைக்கு நடந்தேன். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அருவியில் அத்தனை கூட்டம், இங்கே நானும் ஒரு கிழத் தம்பதியும்தான். மூலிகைச் சாயம் மங்கிய இடங்களிலும் முகங்களின் கண்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

வாசலில் இருந்த பெரியவர் என் ஈரத்துண்டைப் பார்த்துவிட்டு, குளத்துப் படியில் விரித்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். திரும்பி வரும்போது துண்டு பாதி காய்ந்திருந்தது. எடுப்பதற்குள் மறுபடியும் சாரல்.