ஹீத்ரோவிலிருந்து லண்டனுக்குள்: மூன்று ரயில்களில் எதில் ஏறுவது?

ஹீத்ரோ விமான நிலையத்தில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் 15 நிமிடத்தில் லண்டன் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாடிங்டன் ஸ்டேஷன் வரைக்கும்தான். சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸில் நேராக வருகிறவர்கள் இறங்கும் டெர்மினல் 5-இலிருந்து இன்னும் ஐந்தாறு நிமிடம் கூடும். தங்குமிடம் பாடிங்டன் பக்கம் என்றால் சரி. இல்லையென்றால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அங்கே இன்னொரு ரயிலுக்கு மாற வேண்டும், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். அன்றன்றைக்கு டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு 25 பவுண்டை ஒட்டி ஆகும். பல வாரம் முன்பே பதிவு செய்தால் நன்றாகக் குறையும், பெரியவர்களோடு வரும் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம். இந்த ரயிலுக்காகச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இவ்வளவுதான்.

2022-இல் எலிசபெத் லைன் திறந்த பிறகு அவ்வளவு பணம் கொடுக்கக் காரணமே இல்லை என்பது என் கட்சி. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும். பாடிங்டனோடு நிற்காமல் பாண்ட் ஸ்ட்ரீட், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று ஊருக்கு நடுவாகப் போகிறது. ஏசி உண்டு. தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை லிஃப்டிலேயே போய்வரலாம், முழங்கால் வலியோடு வருகிற அம்மா அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஈஸ்ட் ஹாமில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் தோது: வைட்சாப்பலில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் போதும்.

மூன்றாவது, பிக்கடில்லி லைன். 1977 முதல் ஹீத்ரோவுக்கு வருகிற டியூப், அதாவது லண்டனின் சுரங்க ரயில். கட்டணம் சுமார் 6 பவுண்டு, ஊருக்குள் போய்ச் சேர ஒரு மணி நேரம் போல ஆகும். ஏசி இல்லாத பழைய வண்டிகள், பெட்டி வைக்கத் தட்டும் கிடையாது. பெட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காலை நேரமென்றால் ஹேமர்ஸ்மித்தில் ஆபீஸ் கூட்டம் வேறு ஏறிக்கொள்ளும். ஆனால் சவுத் கென்சிங்டன், ரஸல் ஸ்கொயர், கிங்ஸ் கிராஸ் பக்கம் ரூம் போட்டிருந்தால், ஆளுக்கு ஒரு பெட்டி என்ற அளவில் வந்திருந்தால், மாறாமல் ஒரே வண்டியில் போகலாம். அப்போது என் ஓட்டு இதற்குத்தான்.

ஊருக்குள் சுற்ற, முன்பணம் ஏற்றி வைக்கும் ஆய்ஸ்டர் பயண அட்டையா, தொட்டாலே போதும் என்கிற காண்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டா? இரண்டிலும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஏறினாலும் காசு பிடிக்க மாட்டார்கள். ஆய்ஸ்டருக்கு அட்டை விலை தனி, அது திரும்பி வராது. நம் வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள். 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் அவர்களுக்கு ஆய்ஸ்டர் வாங்குங்கள். ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டால் 14 நாளுக்கு அரைக் கட்டணச் சலுகையை அதில் ஏற்றித் தருவார். பதினொன்றுக்குக் கீழே என்றால் பெரியவர்களோடு டியூபில் இலவசம்.

டியூபா பஸ்ஸா என்றால், அவசரத்துக்கு டியூப், வேடிக்கை பார்க்க பஸ். சுற்றுலா பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுப்பதற்குப் பதில் 15-ஆம் நம்பரில் மாடிக்கு ஏறி முன்சீட்டைப் பிடியுங்கள். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயம் வழியாக லண்டன் டவர் கோட்டை வரை காட்டிவிடும். 2 பவுண்டுகூட ஆகாது, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் அதே காசு. கண்டக்டரும் கிடையாது, ரொக்கமும் வாங்க மாட்டார்கள்.

லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே இரண்டுமே வேண்டாம். 300 மீட்டர்கூட இல்லை, நடந்துவிடுங்கள். கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறினால் 193 படி, பழனி மலையில் கால்வாசிக்கு மேல்.