விபத்துக்குப் பிறகு ‘மனநல ரிப்போர்ட்’ எடுக்கப் போகிறவர்கள் காசு கட்ட முன் வாசிக்கவும்

கொழும்பில் ஒரு தனியார் உளநல நிலையம் கொடுத்த ஒன்றரைப் பக்க அறிக்கையை வைத்துத்தான் இந்த எச்சரிக்கை. காலி வீதியில் பஸ் அடித்து விலா எலும்பு முறிந்த ஒரு த்ரீவீல் சாரதிக்காக எழுதப்பட்டது. மதிப்பீடு, அறிக்கை, ஆறு அமர்வுகள் எல்லாம் சேர்த்து 65,000 ரூபா, முழுவதும் முற்பணம். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரிச் செய்யும் இடங்கள் இன்னும் இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் பிரயோசனம்.

அறிக்கையின் மூன்றாம் பந்தியில் நோயாளி பெண்ணாகிவிடுகிறார். வேறு யாருக்கோ எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம், மற்றவற்றை முடியாது.

‘71% மனநலப் பாதிப்பு’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அது வந்த வழி இதுதான்: விபத்து போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோயின் அறிகுறிகளைக் கேட்கும் பி.சி.எல்-5 என்ற கேள்வித்தாளில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. இவருக்கு 57. அதை 80ஆல் வகுத்துச் சதவீதமாக்கிவிட்டார்கள். அந்தக் கேள்வித்தாளில் சதவீதம் என்று ஒன்று கிடையாது. 31, 33 அளவைத் தாண்டினால் ஆளை இருத்தி முறையாக விசாரிக்க வேண்டும் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. நோய் இருக்கிறதா என்று தீர்மானிக்க கப்ஸ்-5 போன்ற நேர்காணல் வேண்டும். அதற்கு மட்டுமே 45 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் போகும். இங்கே மொத்த மதிப்பீடும் கால் மணித்தியாலம்.

திகதியைப் பாருங்கள். விபத்து நடந்து ஒன்பதாம் நாள் இந்தத் தாள் நிரப்பப்பட்டிருக்கிறது. பி.ரி.எஸ்.டி என்ற மனவடு நோயை ஒரு மாதம் தாண்டாமல் யாரும் உறுதிப்படுத்த முடியாது. மூன்று நாளிலிருந்து ஒரு மாதம் வரை இருக்கும் நிலைமைக்கு வேறு பெயர், ‘கடும் நெருக்கீட்டு நோய்’. அதிலும் கேள்வித்தாள் கேட்பது ‘கடந்த ஒரு மாதத்தில்’ எப்படி இருந்தது என்று. ஒன்பதாம் நாளில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அதில் மூன்று கிழமை விபத்துக்கு முந்திய காலம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்தத் திகதி ஒன்றை வைத்தே அறிக்கையைத் தூக்கிப் போடுவார்.

தலை அடிபட்டதா என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டில் ஜி.சி.எஸ் (சுயநினைவு அளவு) 14/15, இரண்டு தடவை வாந்தி, சி.ரி. ஸ்கேன் நோர்மல் என்று எழுதியிருக்கிறது. ஸ்கேன் நோர்மல் என்பதால் மூளை அதிரவில்லை என்று ஆகாது. நித்திரைக் குறைவு, எரிச்சல், கவனம் நிற்காமை, மறதி எல்லாம் மூளை அதிர்ச்சியிலும் வரும், மனவடுவிலும் வரும், விலா நோவாலும் வரும். எது எதனால் என்று பிரிப்பதுதான் மதிப்பீடு. விபத்தில் ஒரு பகுதி நினைவில்லை என்ற கேள்விக்கு இவர் 4 போட்டிருக்கிறார். தலை அடியால் போன நினைவை மனவடுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடைசியாக நினைவிருப்பது என்ன, அதற்குப் பிறகு தொடர்ச்சியாக நினைவு வந்தது எப்போது, இடையில் எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேள்விகள் கேட்ட விதம் இன்னும் மோசம். தாள் ஆங்கிலத்தில். உதவியாளர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லச் சொல்ல, இவர் ‘ஓம், ஓம்’ என்றிருக்கிறார். பக்கத்தில் மனைவியும் மாமியாரும். வீட்டில் கை ஓங்கியதையோ, நித்திரைக்காகக் குடித்ததையோ எந்த மனிதன் மாமியாருக்கு முன் சொல்வான்? நோயாளியைத் தனியாகக் கேட்க வேண்டும், பிறகு மனைவியையும் தனியாகக் கேட்க வேண்டும்.

பின்னால் கோர்த்திருந்த மனச்சோர்வுக் கேள்வித்தாளில் உண்மையிலேயே பயமான விஷயம் இருந்தது. பி.எச்.கியூ-9இன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்தவோ எண்ணம் வருகிறதா என்பது. இவர் 2 போட்டிருக்கிறார், அதாவது பாதி நாட்களுக்கு மேல். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, வீட்டாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு 1 வந்தாலே பேனையை வைத்துவிட்டு, எப்போது, எப்படி, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்பதுதான் முறை. இப்படி யாராவது வீட்டில் இருந்தால் அமர்வுத் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்; உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது சிகிச்சை. முதல் அமர்வில் விபத்தை முழுவதும் சொல்லி ‘மனதில் உள்ளதைக் கொட்ட’ வைத்திருக்கிறார்கள், மிச்சம் ஐந்தும் மங்கல் வெளிச்சத்தில் கண்ணை மூடித் தளர்வுப் பயிற்சி. ஒரே தடவை கொட்டவைக்கும் முறையால் மனவடு நோயைத் தடுக்க முடியாது, சிலருக்கு அது கூடவும் செய்யும். பிரித்தானியாவின் நைஸ் என்ற சிகிச்சை வழிகாட்டி அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. போதாததற்குப் பெயர் எழுதாத கவரில் நித்திரைக் குளிசை, கொடுத்தவர் டொக்டர் இல்லை. சம்பவம் நடந்து முதல் மாதத்தில் டயசிபாம் வகைக் குளிசைகளை இதற்குக் கொடுக்கக் கூடாது என்பது 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. விலா முறிந்தவர் நோவால் ஏற்கெனவே அரை மூச்சுத்தான் எடுப்பார். ட்ரமடோல் என்ற நோவுக் குளிசையுடன் இந்தக் குளிசையும் சேர்ந்தால் மூச்சு இன்னும் மந்தமாகும், தலை அடியின் அறிகுறிகளும் மறைந்துவிடும். பிறகு அவர் வண்டி வேறு ஓட்டுவார்.

சரியான சிகிச்சை என்றால் மனவடுவை மையமாக வைத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை அல்லது கண்ணை இருபக்கமும் அசைத்தபடி சம்பவத்தை நினைக்கவைக்கும் ஈ.எம்.டி.ஆர். முதலாவது பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். வீதிப் பயத்துக்குப் படிப்படியான பழக்கம் அதில் இருக்க வேண்டும்: நிறுத்திய த்ரீவீலில் இருப்பது, பிறகு ஒழுங்கை முனை வரை, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் மரைன் டிரைவில், கடைசியில் வேலை விடும் நேரத்தில் காலி வீதியில், பஸ் முந்திப் போகும் வலப்பக்கத்தில் இருந்து. பயம் உச்சத்தில் நிற்கும்போது இறங்கினால் பயிற்சி தலைகீழாகிவிடும், பயம் தணியும் வரை இருக்க வேண்டும். கம்பியை இறுக்கிப் பிடிப்பது, கண்ணை மூடுவது, போனைப் பார்ப்பது எல்லாம் மெல்ல மெல்ல விடுபட வேண்டும். இதைச் செய்யத் தெரியுமா என்று முதல் நாளே கேளுங்கள். பதில் தடுமாறினால் எழும்பி வந்துவிடலாம்.

‘உளவளத்துணையாளர்’ என்று யாரும் பலகை போடலாம். மனநல வைத்தியரும் மருத்துவ உளவியலாளரும் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். வழக்குக்கு அறிக்கை வேண்டுமென்றால் பொலிஸில் சட்ட வைத்தியப் படிவம் எடுத்துச் சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்கும்போது நித்திரை, பயம், மறதி எல்லாவற்றையும் உடம்புக் காயத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். தேவையென்றால் மனநல வைத்தியரிடம் அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் மனநலக் கிளினிக் உண்டு, காசு இல்லை. காத்திருக்க வேண்டிவரும்தான், ஆனால் மாதா மாதம் எழுதப்படும் கிளினிக் புத்தகம் ஒரு நாளில் வாங்கிய அறிக்கையைவிட நீதிமன்றத்தில் நிற்கும். நட்டஈட்டு வழக்குக்குச் சட்டம் தரும் காலம் 2 வருடங்கள். அதற்கு முன் யாராவது ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற தாளை நீட்டினால் சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டு, நிரப்பிய கேள்வித்தாள்களின் பிரதி, குளிசைக் கவர் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கேள்வித்தாளை ‘எங்கள் சொத்து’ என்று மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். சேவை பெற்று 3 மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், அவர்களின் தொலைபேசி 1977.