ஹோம்வேர்ல்டு ரீமாஸ்டர்ட் கலெக்‌ஷன்: அளந்து போரிட வைக்கும் விண்வெளி விளையாட்டு

முறை வைத்து ஆடாமல், எதிரியும் நாமும் ஒரே நேரத்தில் படைகளை நகர்த்தும் நிகழ்நேர உத்தி விளையாட்டு என்றாலே விரல் வேகம்தான் என்று சிங்கப்பூரில் பலரும் எண்ணுகிறார்கள். 2019இல் பிலிப்பீன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் அவ்வகையைச் சேர்ந்த ஸ்டார்கிராஃப்ட் 2 பதக்கத்துக்குரிய விளையாட்டாக இடம்பெற்றதும், அதில் சிங்கப்பூர் வீரர் ஒருவர் வெள்ளி வென்றதும் அந்த எண்ணத்துக்கு வலுச்சேர்த்திருக்கலாம். ஹோம்வேர்ல்டு வேறு வகையைச் சேர்ந்தது. கனடாவைச் சேர்ந்த ரெலிக் நிறுவனம் 1999இல் உருவாக்கிய இந்த விளையாட்டின் உரிமையை 2013இல் வாங்கிய கியர்பாக்ஸ் நிறுவனம், அதையும் அதன் இரண்டாம் பாகத்தையும் புதுப்பித்து 2015இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒரு மூலையில் காதொலிக் கருவியோடு கணினி முன் உட்காரும் என்னைப் போன்றோருக்கு, இன்றும் இதைவிடப் பொருத்தமான உத்தி விளையாட்டு கிடையாது.

கராக் என்னும் பாலைவனக் கோளில் வாழும் மக்கள், மணலுக்கடியில் புதைந்து கிடந்த ஒரு பழங்காலக் கப்பலைக் கண்டெடுக்கிறார்கள். தங்கள் பூர்வீகம் வேறெங்கோ இருக்கிறது என்று அதன் வழியே அறிந்து, ஒரு மாபெரும் தாய்க்கப்பலைக் கட்டிப் புறப்படுகிறார்கள். கதை இவ்வளவுதான். அதைச் சொல்லும் விதத்தில்தான் இதன் பெருமை இருக்கிறது.

பெரும்பாலான உத்தி விளையாட்டுகளில் ஒரு கட்டம் முடிந்ததும் படை கலைந்துவிடும். அடுத்த கட்டத்தில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டலாம். இங்கே அப்படியில்லை. முதல் பாகத்தின் 16 கட்டங்களிலும் ஒரே படைதான் தொடர்கிறது. இழந்த கப்பல் இழந்ததுதான். விண்கற்களிலிருந்து சேகரிக்கும் மூலப்பொருளும் அளவோடுதான் கிடைக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை இதைப் போல உணர்த்திய இன்னொரு விளையாட்டை நான் கண்டதில்லை. வெற்றி நிச்சயம் என்று தெரிந்த சண்டையிலும், சேதப்பட்ட ஒரு ஃபிரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) கப்பலைப் பின்வாங்கச் செய்து பழுதுபார்க்கும் அக்கறை தானாகவே வந்துவிடுகிறது.

மூன்றாம் கட்டத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனைப் பயணத்திலிருந்து திரும்பும் தாய்க்கப்பல், கராக் தீப்பற்றி எரிவதைக் காண்கிறது. எஞ்சியிருப்பவர்கள், சுற்றுப்பாதையில் உறைதுயில் பெட்டகங்களில் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே. அந்தப் பெட்டகங்களையும் எதிரிக் கப்பல்கள் தாக்குகின்றன. இந்த இடத்தில் ஆரவாரமான போர் இசையைப் போடாமல், அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் சோகம் ததும்பும் அடாஜியோ இசையைக் கூட்டுக்குரலில் ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். தாய்க்கப்பலோடு தன்னையே இணைத்துக்கொண்ட விஞ்ஞானி கரான் சஜெட்டின் குரல், அழுகையின்றி நிலைமையை அறிவிக்கிறது. அந்நேரத்தில் எதிரிகளை அழிக்க வேண்டியதில்லை. சால்வேஜ் கார்வெட் எனப்படும் சிறு கலங்களை அனுப்பினால், அவை எதிரிக் கப்பலின் உடலில் ஒட்டிக்கொண்டு, அதை மெல்ல மெல்ல நம் தாய்க்கப்பலுக்குள் இழுத்து வருகின்றன. பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் பெரிய சரக்குக் கப்பலை இழுவைப் படகுகள் கரைசேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். அப்படிக் கைப்பற்றிய கப்பல் பயணம் முழுவதும் நம்மோடு வருகிறது.

விண்வெளியில் மேல், கீழ் என்பது இல்லை என்பதையும் இந்த விளையாட்டு முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நகர்த்தும் விசையை அழுத்தியதும் ஒரு வட்டத்தளம் தோன்றுகிறது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சுட்டியை அசைத்தால் உயரம் மாறுகிறது. பழகச் சிறிது காலம் பிடிக்கும். பழகிய பின், எதிரியின் அடிவயிற்றுக்குக் கீழிருந்து தாக்கும் திட்டங்கள் இயல்பாகவே தோன்றத் தொடங்கும்.

புதுப்பித்தலில் எல்லாமே நன்மையாக அமையவில்லை. இரண்டாம் பாகத்தின் இயக்கமுறையின்மீது முதல் பாகத்தையும் ஏற்றியதால், சிறு போர்க்கலங்களுக்கு இருந்த எரிபொருள் கணக்கு மறைந்துவிட்டது. எப்போது திரும்ப அழைப்பது என்ற கவலையும் அதோடு போய்விட்டது. கப்பல்களின் அணிவகுப்புகள் வெளியீட்டின்போது சீராக இயங்கவில்லை. 2016இல் வந்த மேம்படுத்தல் அதைப் பெருமளவு சரிசெய்தது. எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. நாம் கொண்டுவரும் படை பெரிதானால் எதிரியின் படையும் பெரிதாக்கப்படுகிறது. அரும்பாடுபட்டுக் கப்பல்களைக் காத்தவரை அதற்காகவே தண்டிக்கும் இந்த ஏற்பாடு, விளையாட்டின் அடிப்படை உணர்வுக்கே முரணானது. அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

தமிழில் வசன வரிகள் இல்லை. சாதாரண மடிக்கணினியிலும் தடங்கலின்றி ஓடுகிறது. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடிக் காலங்களில் விலை கணிசமாகக் குறைகிறது. பழைய வடிவங்களும் அதே தொகுப்பில் அடங்கியிருப்பதால், எரிபொருள் கணக்கோடு ஆட விரும்புபவர்கள் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டாம் பாகம் அழகானது, ஆனால் அவசரப்படுத்துவது. ஆகவே முதல் பாகத்தையே முதலில் ஆடுங்கள். அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு ஹைப்பர்ஸ்பேஸ் தாவலுக்கு முன்னும் ஆட்டத்தைத் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.