பெட்ரோல் ஜீப் பேக் அடிக்குதா: பழைய கார்ட்டரா, சோலக்ஸா, வெபரா?

சிஜே-3பி பெட்ரோல் ஜீப், இல்ல அதே ஹரிக்கேன் இன்ஜின் போட்ட பழைய வில்லிஸ் பிக்கப் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துரும். வண்டி பேக் அடிக்குது, அதாவது பெட்ரோல் தப்பான இடத்துல எரிஞ்சு டப்னு வெடிக்குது, பிக்கப் இல்ல, மெக்கானிக் பானெட்டத் தூக்கிப் பாத்துட்டு "கார்ப்ரேட்டர் போச்சுண்ணே, மாத்திரலாம்"னு சொல்லிடுவார். கார்ப்ரேட்டர்னா காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது, கார்ட்டர், சோலக்ஸ், வெபர் மூணும் அதோட பிராண்டு. என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன், கார்ப்ரேட்டர் பாடி நல்லா இருந்தா கார்ட்டர் ஒய்எஃப்தான் இந்த இன்ஜினுக்குச் சரி, சோலக்ஸ் டைப் ரெண்டாவது, வெபர் கடைசி. ஆனா இந்த மூணுல எதை மாட்டினாலும் இக்னிஷன் (பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குற சமாச்சாரம்) சரியில்லன்னா அடுத்த நாளே அதே டப் சத்தம்தான் கேக்கும்.

இன்ஜினப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. 134 கியூபிக் இன்ச், அதாவது 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். இன்டேக் வால்வு மேல ஹெட்ல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்ல இருக்கும். இந்த இன்ஜின் உயரமா இருந்ததாலதான் 1953ல வில்லிஸ் சிஜே-3பிக்கு அந்தத் தூக்கலான பானெட்டே வச்சாங்க. இன்டேக் மேனிஃபோல்டு தனியா கிடையாது, ஹெட்டோட சேத்து வார்த்தது, கார்ப்ரேட்டர் நேரா ஹெட்டு மேலயே உக்காந்திருக்கும். அதனால மேனிஃபோல்டு பேக்கிங்ல காத்து இழுக்குதுன்ற தொல்லை இதுல இல்ல, ஆனா கார்ப்ரேட்டர் அடி கேஸ்கட்டும் த்ராட்டில் ஷாஃப்ட்டும் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா திறக்குற மூடியோட தண்டு) கண்டிப்பா பாக்கணும்.

முதல்ல சத்தம் எங்க வருதுன்னு கேளுங்க. கார்ப்ரேட்டர் வழியா மேல துப்புதா, இல்ல சைலன்சர்ல வெடிக்குதா, ரெண்டும் வேற வேற வியாதி. மேல துப்பினா பெரும்பாலும் பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி, இதத்தான் லீன்னு சொல்றது, அதுவும் ஆக்சிலரேட்டர் மிதிச்ச உடனே துப்பினா கார்ப்ரேட்டர்ல மிதிக்கும்போது கூடுதலா பெட்ரோல் பீச்சுற ஆக்சிலரேட்டர் பம்ப்பத்தான் சந்தேகப்படணும். இன்டேக் வால்வு சரியா மூடலன்னாலும் அதே கதைதான். சைலன்சர்ல வெடிச்சா எரியாத பெட்ரோல் அங்க போய்ச் சேருதுன்னு அர்த்தம்: மிஸ் ஆகுது, இல்ல டைமிங் பின்னாடி நிக்குது (தீப்பொறி லேட்டா வருது), இல்ல மிக்ஸ்சர் ரொம்ப ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி). ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா கியர்ல இறங்கும்போது மட்டும் டப் டப்னு வந்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் லீக் ஆகி காத்து இழுக்குதான்னு பாருங்க, அதுக்குப் போய் கார்ப்ரேட்டர் மாத்துறவங்க இருக்காங்க.

கார்ப்ரேட்டரத் தொடறதுக்கு முன்னாடி பாயிண்ட் கேப், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற கான்டாக்டோட இடைவெளி. 0.020 இன்ச், அதாவது அரை மில்லி. ஹேக்ஸா பிளேடு சொருகிப் பாக்குற பழக்கம் இருக்கே, அந்த பிளேடு அரை மில்லிய விடக் கொஞ்சம் தடிமன், ஃபீலர் கேஜ் வாங்கிக்கங்க. பிளக் கேப் 0.030 இன்ச், டைமிங் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) 5 டிகிரி முன்னாடி, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியற வரிசை) 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பக் கழட்டி ரோட்டர் சுத்துற திசையப் பாத்து ஒயர மாட்டுங்க, ரெண்டு ஒயர் மாறினா கார்ப்ரேட்டர்ல இருந்து நெருப்பே வரும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, புஷ் தேஞ்சிருந்தா கேப் நிலையா நிக்காது, பாயிண்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் கிட் போட்டாலும் தேஞ்ச புஷ் தேஞ்சதுதான். அப்புறம் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. மேல இன்டேக் 0.018 இன்ச், கீழ எக்ஸாஸ்ட் 0.016 இன்ச், ரெண்டும் இன்ஜின் ஆறினப்புறம். கீழ இருக்கறத அட்ஜஸ்ட் பண்ண பிளாக் பக்கத்து கவரக் கழட்டணும், கை உள்ள போகாது, அதனாலயே பல பேர் மேல மட்டும் பண்ணிட்டு காசு வாங்கிட்டுப் போயிடுறாங்க.

இதெல்லாம் சரின்னா அப்புறம் கார்ப்ரேட்டருக்கு வருவோம்.

கார்ட்டர் ஒய்எஃப்ல மீட்டரிங் ராடு ஒண்ணு இருக்கு, லோடு ஏற ஏற அது ஜெட்ல (பெட்ரோல் வர்ற அளவான ஓட்டை) இருந்து மேல எழும்பி பெட்ரோல் கூட விடும். மெதுவா சுத்தி இழுக்குற இன்ஜினுக்கு இது ரொம்பப் பொருத்தம், ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல போகும்போது தெரியும். அதோட பலவீனம் டயஃப்ரம்ன்ற ரப்பர் சவ்வு. ஆக்சிலரேட்டர் பம்ப் அதுலதான் ஓடுது, ராடையும் அதுதான் தூக்குது, அது கிழிஞ்சா ரெண்டும் போச்சு. இன்ஜின ஆஃப் பண்ணி, ஏர் ஃபில்டர் குழாயக் கழட்டி, சோக்கத் திறந்து, டார்ச் அடிச்சு உள்ள பாத்துக்கிட்டே த்ராட்டில ஒரு தடவ இழுங்க. பெட்ரோல் கோடு மாதிரி நேரா பீச்சி அடிக்கணும், சொட்டு சொட்டா ஒழுகினா டயஃப்ரம் முடிஞ்சது. கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சீங்கன்னா நடு வாஷரச் சுத்தி பொடிப்பொடியா வெடிப்பு தெரியும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் தாங்கறதில்ல. ரிப்பேர் கிட்ல அது வந்துரும். த்ராட்டில் ஷாஃப்ட் ஆடினா லேத்துல குடுத்து பித்தளை புஷ் போடலாம், செய்யத் தெரிஞ்ச ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம். மேல் மூடி வளைஞ்சு போய், திரெட்டெல்லாம் போய், பாடியில கிராக் விட்டிருந்தா மட்டும் ஆசைய விட்டுருங்க.

சோலக்ஸ் டைப்புக்கு வருவோம், நம்ம ஊர் வண்டி நிறைய இதுல ஓடுது. இதுல மீட்டரிங் ராடெல்லாம் கிடையாது, மெயின் ஜெட், ஏர் ஜெட், ஐடில் ஜெட், அவ்ளோதான், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ண மூடிட்டுப் பிரிச்சு மாட்டுவார். ஜெட்ல இருக்க நம்பர் ஓட்டையோட அளவு, 130ன்னா 1.30 மில்லி. இங்கதான் இது கார்ட்டர ஜெயிக்குது. இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தப்புறம் மிக்ஸ்சர் லீன் ஆகுது, ஏன்னா சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து 14.7 பங்கு வேணும், இ20க்கு 13.5 கிட்ட போதும், அப்போ அதே காத்துக்குப் பெட்ரோல் கூட விடணும். 130ஐ எடுத்துட்டு 135 போட்டா ஓட்டை பரப்பு சுமார் 8 சதவீதம் கூடுது, கணக்கு கிட்டத்தட்ட சரியா வருது. ஆனா புதுசா விக்கிற சோலக்ஸ் காப்பில தரம் ஒரே மாதிரி இல்ல, ஒண்ணு நல்லா வரும், அடுத்தது ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் நிறைஞ்சதும் வரத்த அடைக்கிற ஊசி) சரியா உக்காராம பெட்டியில இருந்து எடுத்தப்பவே ஓவர்ஃப்ளோ ஆகும். வாங்கின உடனே பிரிச்சுக் கழுவி, ஜெட் நம்பரப் பாத்து எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் மாட்டுங்க.

வெபர் 32/36, ஆசைப்படுறவங்க ஜாஸ்தி. ரெண்டு பேரல் (காத்து போற குழாய்), முதல்ல 32 மில்லி திறக்கும், அழுத்தி மிதிச்சா 36 திறக்கும். பாக்க அழகு, ஜெட் எல்லாம் கிடைக்கும், ஸ்டார்ட்டிங்கும் நல்லா இருக்கும். ஆனா இந்த இன்ஜினோட மொத்த பவரே 4000 ஆர்பிஎம்ல 75 குதிரைக்குள்ளதான், ஹெட்ல வார்த்த அந்த ஒத்த வழியா ரெண்டாவது பேரல் எவ்ளோ காத்த அனுப்பி என்ன ஆகப்போகுது. அடாப்டர் பிளேட் போடணும், லிங்கேஜ் (ஆக்சிலரேட்டர் இணைப்பு) செய்யணும், அடாப்டர்ல ரெண்டு கேஸ்கட்னா லீக் ஆக ரெண்டு இடம் கூடுதல். பெட்ரோல் பிரஷரும் 3.5 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, பழைய மெக்கானிக்கல் பம்ப் அதுக்கு மேல குடுத்தா நீடில் தாங்காம ஃப்ளட் ஆகி, லீனுக்காக மாத்துன வண்டி ரிச் ஆகி சைலன்சர்ல வெடிக்கும். ரெகுலேட்டர் போட்டா சரியாகும், இன்னொரு செலவு. வண்டிய ஹைவேயில தினமும் ஓட்டுறவங்களுக்கு வெபர் ஓகே, எஸ்டேட் ரோட்டுல லோடு அடிக்கிறவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

ட்யூனிங் மூணுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இன்ஜின் நல்லா சூடாகணும், சோக் முழுசா திறந்திருக்கணும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவ மெதுவா உள்ள விட்டு, முட்டினதும் நிறுத்தி, ஒன்றரை சுத்து வெளிய எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க, இறுக்கினா ஊசி முனை போயிரும். வேக்கம் கேஜ் (இன்ஜின் காத்த உறிஞ்சுற வேகத்தக் காட்டுற மீட்டர்) மாட்டி, ஸ்க்ரூவத் திருப்பி, முள் எங்க உச்சமா, ஆடாம நிக்குதோ அங்க விட்டுருங்க. சமவெளியில 17ல இருந்து 20 இன்ச் (பாதரச அளவு) வரணும். முள் ஒரே தாளத்துல துடிச்சா அது வால்வு, கார்ப்ரேட்டரத் திட்டாதீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க அதே நல்ல இன்ஜின் ஒரு ஏழு இன்ச் கம்மியாத்தான் காட்டும், பயந்துறாதீங்க. அங்க காத்து மெலிசு, மேட்டுப்பாளையத்துல சரியா இருந்த மிக்ஸ்சர் மேல போனா ரிச் ஆகிடும், மேல இருக்கும்போது ஜெட்டச் சின்னதாக்கிட்டு அப்படியே கீழ இறங்கினா லீன் ஆகி கார்ப்ரேட்டர்ல துப்ப ஆரம்பிக்கும். மேல கீழ போய் வர்ற வண்டிக்கு கீழ வச்சே ட்யூன் பண்ணுங்க, மேல கொஞ்சம் புகை வந்தா வரட்டும்.

அடி கேஸ்கட் லீக் பாக்க கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிக்கிறதா இருந்தா இன்ஜின் சூடேறுறதுக்கு முன்னாடி, கொஞ்சமா அடிங்க, ஆர்பிஎம் மாறுனா லீக் அங்கதான். எக்ஸாஸ்ட் பக்கத்துலயே இருக்கு, பேக் அடிக்கிற வண்டி வேற, அதனால ஏர் ஃபில்டர் குழாய மாட்டிட்டு அடிங்க, பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்குஷரும் வேணும், பெட்ரோல் நெருப்புக்குத் தண்ணி வாளி உதவாது.