காட்பாடியில் பெரிய திரையில் பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டம்: ஓர் உணவக மதிப்புரை

வேலூரில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பெரிய திரையில் காட்டும் உணவகங்கள் பல உண்டு. டென்னிஸுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கும் உணவகம் அரிது. காட்பாடி காந்தி நகர்ப் பகுதியில் உள்ள ஒரு பிரியாணி உணவகம், 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு ஓப்பன் ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தைத் தன் மாடிக் கூடத்தில் திரையிட்டது. ஐபிஎல் ஜூன் 3 அன்றே முடிந்துவிட்டதால் திரைக்கு வேலை இல்லாமற்போனதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவாயினும் அந்த முடிவு பாராட்டுக்குரியது. தனிக் கட்டணம் ஏதும் வாங்கவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி மேசை பிடித்துக்கொண்டால் போதும்.

இருபது ஓவர் ஆட்டம் என்றால் அது ஏறத்தாழ எப்போது முடியும் என்று கணக்கிட்டுச் சமையலறையையும் பணியாளர்களின் நேரத்தையும் அமைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களின் ஆடவர் ஒற்றையரில் அது இயலாது. ஐந்து செட்டுகளில் மூன்றை முதலில் வெல்பவரே வெற்றியாளர் என்பதால், ஆட்டம் இரண்டு மணி நேரத்திலும் முடியலாம், ஐந்து மணி நேரத்தையும் தாண்டலாம். அன்று யானிக் சின்னரும் கார்லோஸ் அல்கராஸும் ஆடியது 5 மணி 29 நிமிடம். 1982 இல் மாட்ஸ் விலாண்டரும் கில்லெர்மோ விலாஸும் ஆடிய 4 மணி 42 நிமிட ஆட்டமே அதுவரை இப்போட்டியின் மிக நீண்ட இறுதி ஆட்டமாக இருந்தது. நம் நேரப்படி மாலை ஆறரை மணிக்குத் திட்டமிடப்பட்ட ஆட்டம் நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. ஆகவே இந்த உணவகத்தை அதன் பிரியாணியைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது; முடிவு தெரியாத ஓர் ஆட்டத்தோடு அது எவ்வளவு தூரம் உடன் வந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

தொடக்கம் சரியாக இல்லை. மேற்குப் பக்கச் சன்னல்களில் திரைச்சீலை இழுத்துவிடப்படாததால், செங்கல் பொடி பரப்பிய பாரிஸ் ஆடுகளம் திரையில் வெளுத்துப்போய், பந்து எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. புரொஜெக்டரின் படம் திரையைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்ததில், ஸ்கோர் காட்டும் மூலை சுவரில் போய் மடங்கியது. சொன்னவுடன் இரண்டையும் சரிசெய்தார்கள்; முதல் செட்டைச் சின்னர் 6-4 என்று எடுப்பதற்குள் படம் தெளிவாகிவிட்டது. டென்னிஸ் தெரிந்த ஒருவர் பிற்பகலிலேயே ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்திருந்தால் இந்தக் குறை நேர்ந்திருக்காது.

பெரிய குறை வேறொன்று. மாடித் திரைக்கு ஒளிபரப்பு இணையம் வழியாக வந்தது. கீழ்த்தளத்துத் தொலைக்காட்சிக்கு டிஷ் வழியாக வந்தது. இணைய ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கியே வரும் என்பதால், கீழே எழுந்த கூச்சல் ஒவ்வொரு முறையும் எங்களை முந்திக்கொண்டது. அதுவரை அந்தப் போட்டியில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வந்திருந்த சின்னர், முதல் இரண்டு செட்டுகளையும் வென்றபின், நான்காவது செட்டில் 5-3 என்று முன்னிலை பெற்று, அல்கராஸின் சர்வில் 0-40 என மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகளைக் கையில் வைத்திருந்தார்; அவற்றில் ஒன்றை வென்றாலே பட்டம் அவருக்கு. ஒரு டென்னிஸ் ரசிகன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் கட்டம் அது. அல்கராஸ் அந்த மூன்றையும் மீட்ட செய்தி, அவர் பந்தை அடிப்பதற்கு முன்பே படிக்கட்டு வழியாக ஏறி வந்துவிட்டது. மாடித் திரைக்கும் டிஷ் இணைப்பையே கொடுத்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

உணவைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சீரகச் சம்பா அரிசியில், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் காரத்தோடு, ஆம்பூர் முறையில் ஆக்கிய பிரியாணி. உடன் எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். முந்தின நாள்தான் பக்ரீத் என்பதால் பலரும் மட்டனைத் தவிர்த்துப் பரோட்டா பக்கம் போனார்கள். அந்தப் பரோட்டா சற்றே ரப்பராக இருந்தது. ஆர்க்காட்டு இனிப்பான மக்கன் பேடாவைத் தவறவிட வேண்டாம். நாற்காலிகள் மட்டும் ஒரு மணி நேரச் சாப்பாட்டுக்கானவை. ஐந்து மணி நேரம் உட்காருவதற்கானவை அல்ல. முதியவர்களை அழைத்துச் செல்வோர் சுவரோரத்து மெத்தை இருக்கைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பத்தரை மணிக்குச் சமையலறையை மூடினார்கள். அப்போது நான்காவது செட் முடியவில்லை. கல்லாவில் இருந்த பெரியவர் தாமே மாடிக்கு வந்து, "ஆட்டம் முடியட்டும் சார், அவசரம் இல்லை, டீ மட்டும் போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். ஐந்தாவது செட்டில் அல்கராஸ் 5-4 என்ற நிலையில் வெற்றிக்காகச் சர்வ் செய்து, அதைச் சின்னர் முறியடித்து, இறுதியில் 6-6 என்ற சமநிலையை முறிக்கும் பத்துப் புள்ளி டைபிரேக்கை அல்கராஸ் 10-2 என்று வென்று தமது ஐந்தாவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை எடுக்கும்வரை ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. பரிமாறும் இளைஞர்கள் மேசைகளைத் துடைக்க வந்து, துடைக்காமல் எங்களோடு நின்று பார்த்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு திரையிடும் இடங்களில்கூட இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. மேற்சொன்ன குறைகளையெல்லாம் மீறி நான் இவ்விடத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

2025 ஜூலை 13 அன்று நடக்கவிருந்த விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தையும் காட்டப்போவதாக அப்போது சொன்னார்கள். அது நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்குவதாக இருந்தது. அப்படிப்பட்ட ஆட்டம் ஐந்து செட் போனால் இரவு ஒரு மணியைத் தாண்டலாம். அந்நேரத்தில் வேலூர்ப் பக்கம் திரும்பப் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ நம்ப முடியாது என்பதால் சொந்த வண்டியில் செல்வது நலம். மேசை பிடிக்கும்போதே மாடித் திரைக்கு டிஷ் இணைப்பு கொடுத்துவிட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.